நீலம் பாய்ந்த கால்கள்

என் கணவருடைய கால் விரல் இடுக்கில் ஊசி இறங்கியது. உள்ளே போன மருந்து, பள்ளியில் நாங்கள் பேனாவில் ஊற்றிக்கொள்ளும் மையைப் போலவே நீலமாக இருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புறங்காலில், தோலுக்கு அடியில், மெல்லிய நீலக் கோடு ஒன்று விரலிலிருந்து கணுக்காலை நோக்கி ஏறத் தொடங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஈரச் சுவரில் தண்ணீர் ஊறுவதைப் பார்ப்பது போல நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியுதா? இதுதான் நிணநீர்க் குழாய்" என்றார் எக்ஸ்ரே டாக்டர். "ரத்தக் குழாய் இல்ல. மத்த நாள்ல கண்ணுக்கே தெரியாது. அதுக்குத்தான் இந்த நீலம்."

இளைஞர். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியைக் கட்டியிருந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, புறங்காலில் சின்னதாகக் கீறி, அந்த நீலக் கோட்டுக்குள் முடியைவிடக் கொஞ்சமே தடித்த ஓர் ஊசியைச் செருகினார். இரண்டு கால்களிலும். அதன் வழியாக எண்ணெய் போன்ற இன்னொரு மருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே போக வேண்டும். அது காலிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து வயிற்றுக்கும் ஏறி, முதுகெலும்பை ஒட்டியுள்ள நிணநீர்க் கணுக்களில், பயறு போன்ற முடிச்சுகளில், போய்த் தங்கும். அதைத்தான் படம் எடுப்பார்கள்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அசையக் கூடாது. தும்மல் வந்தா முன்னாடியே சொல்லிடுங்க."

"தும்மல் சொல்லிக்கினா வரும் சார்?" என்றார் என் கணவர்.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

அறையில் மின்விசிறி இல்லை, ஏதோ ஒரு பச்சை மருந்து வாசம். வீட்டில் விட்டுவந்த குழந்தைக்குப் பசிக்கும் நேரம் அது. அவள் அங்கே அழுதாளோ என்னவோ, இங்கே என் ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவோரம் நகர்ந்து நின்றேன்.

ஹெர்னியா என்று ஒரு பெயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வெட்கப்படும்படியான உறுப்பில் வந்த நோய் என்பதால் அல்ல, அதை மறைத்த விதத்தால்.

நான் வாலாஜாபாத்துக்காரி. பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங்கும் படித்தவள். வடக்குப்பட்டில் வாழ்க்கைப்பட்டேன். அவர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு சிறிய ஸ்பிரிங் தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். அப்போது எங்கள் பக்கம் இவ்வளவு கம்பெனிகள் கிடையாது. ஏரியைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் வேலிக்காத்தான் முள். ஷிப்ட் சங்கு ஊதினால் மூன்று ஊருக்குக் கேட்கும்.

எங்களுக்குப் பெண் பிறந்து ஒரு வயதுகூட ஆகாத நேரம். குளிக்கும்போது அவருடைய இடது விரையில் ஒரு கட்டி இருப்பதை அவரே கண்டுபிடித்தார். கல் மாதிரி இருந்ததாம், வலி இல்லையாம். வலிக்காததால் சில மாதம் சும்மா விட்டார். என்னிடம் சொன்னபோது விளக்கை அணைத்துவிட்டுத்தான் சொன்னார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த விரையையே எடுத்துவிட்டார்கள். அந்த ஆபரேஷனுக்கு அடிவயிற்றின் ஓரத்தில்தான் கீறுவார்கள், ஹெர்னியாவுக்குக் கீறும் அதே இடத்தில். அந்தத் தழும்பு எங்களுக்கு ஒரு பொய்யைக் கொடுத்தது. லேத்தில் கனம் தூக்கினார், குடல் இறங்கிவிட்டது, ஹெர்னியா. ஊருக்கும் அதுதான், கம்பெனிக்கும் அதுதான், என் அம்மாவுக்கும் அதுதான்.

"ஷிப்ட்ல ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும். பேர் வெச்சிடுவானுங்க" என்றார். என்ன பேர் என்று நான் கேட்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஹெர்னியாவுக்கு யோசனை சொன்னார்கள். வாழைப்பழம் கொடு, பெல்ட் போடச் சொல், தண்ணீர்க் குடம் தூக்க விடாதே. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒருவர்கூட என்னிடம் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி நாங்கள்தான் செய்திருந்தோம்.

எடுத்த கட்டியைச் சோதித்துவிட்டு, புற்றுநோய் என்றார்கள். இந்த வகை பரவினால் முதலில் முதுகெலும்பின் ஓரத்தில் உள்ள கணுக்களுக்குத்தான் போகும் என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். போகவில்லை என்றால் அடிக்கடி வந்து காட்டினால் போதும். கொஞ்சம் போயிருந்தால் கதிர் சிகிச்சை, அதற்கு நன்றாகக் கேட்கும். நெஞ்சு வரைக்கும் ஏறியிருந்தால் கடுமையான மருந்துகள்.

ஆக எங்களுக்கு அப்போது இருந்தது ஒரே கேள்வி. ஏறியிருக்கிறதா, இல்லையா?

எந்த ஊர்?

அந்தக் குண்டு வெடித்த ஆண்டில் வெளியே போய் ஊர்ப் பெயரைச் சொல்வதே ஒரு சங்கடம். நாடு முழுக்க எங்கள் பக்கத்து ஊரின் பெயரைச் செய்தித்தாளில் படித்திருந்தது.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஆயா கேட்டாள். "எந்த ஊரும்மா?"

"ஸ்ரீபெரும்புதூர் பக்கம்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "அன்னிக்கு நீ அங்கதான் இருந்தியா? சத்தம் கேட்டுச்சா?" என்று ஒருவர். "இன்னா பாத்த, சொல்லேன்" என்று இன்னொருவர்.

நான் எதையும் பார்க்கவில்லை. அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், கதவைச் சாத்திக்கொண்டு நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மறுபடி அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிலேயே எனக்குத்தான் பேச ஆள் வேண்டியிருந்தது.

அன்று எடுத்த ஒலி ஸ்கேனில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. வயிற்றில் வாயு, பின்னால் இருப்பதை மறைக்கிறது என்றார்கள். இன்னோர் இடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கணுக்கள் எதுவும் வீங்கவில்லை என்று வந்தது. நான் அப்போதே கண்ணை மூடி நன்றி சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"அது அளவைத்தான் பார்க்கும்" என்று விளக்கினார் எக்ஸ்ரே டாக்டர். "சின்னக் கணுவுக்குள்ள நோய் ஒளிஞ்சிருந்தா அதுக்குத் தெரியாது. நாம போடப்போற எண்ணெய் கணுவுக்குள்ளயே போய் நிறையும். நோய் உக்காந்திருக்கிற இடத்துல மட்டும் நிறையாது. அங்க ஓட்டையாத் தெரியும்."

இருப்பதை அல்ல, இல்லாததைத் தேடப்போகிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

இரண்டு மதிப்பெண் கேள்வி

பள்ளியில் இதயம் வரைந்திருக்கிறேன். சுத்த ரத்தத்துக்குச் சிவப்புப் பென்சில், அசுத்த ரத்தத்துக்கு நீலப் பென்சில். நிணநீர் மண்டலம் என்று அடுத்த பக்கத்தில் ஒரு பாடம் இருந்தது. இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் அதில் கேட்க மாட்டார்கள் என்று டீச்சரே சொல்ல, புரட்டிவிட்டுப் போய்விட்டோம்.

ஆனால் அது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். எங்கள் தெருவில் அது தெரியாத பிள்ளை கிடையாது. காலில் பட்டதற்கு இடுப்புக்குக் கீழே ஏன் வலிக்கிறது என்று மட்டும் யாரும் யோசித்ததில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையைத்தான் அன்று நீலமாகப் பார்த்தேன்.

அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் கட்டி என்றதும் அன்றைக்கே அவரை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேனா? தெரியவில்லை. இப்படிப்பட்ட கேள்விகளை நான் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். பதில் வந்தாலும் நம்ப மாட்டேன்.

பூச்சி

முதல் நாள் படம் குழாய்களை மட்டும் காட்டும். எண்ணெய் கணுக்களில் நிறைந்த பிறகு, மறுநாள் எடுக்கும் படம்தான் முக்கியம். ராத்திரி வராந்தாவில் தங்கிக்கொள்ளலாம் என்றார்கள். குழந்தை இருக்கிறது என்று நான்தான் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

பஸ் பூந்தமல்லியைத் தாண்டும்போதே பயம் பிடித்துக்கொண்டது. குலுக்கலில் எண்ணெய் இடம் மாறிவிட்டால்? ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவருடைய கால்களைப் பார்த்தேன். இரண்டு புறங்காலிலும் கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் எல்லாம் நீலம். முகத்திலும் நகத்திலும்கூட லேசாக ஒரு நீலச் சாயல் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார். பகல் முழுக்க அவர்தான் பார்த்துக்கொண்டார். குழந்தையை என்னிடம் நீட்டியவர் கட்டிலில் சாய்ந்திருந்தவரின் காலைப் பார்த்துவிட்டார்.

"இன்னா உமா இது, கால் நீலம் பாய்ஞ்சு கீது?"

ஹெர்னியாவுக்குக் காலில் கட்டு எதற்கு? எங்கள் பொய் இடுப்போடு முடிந்துவிட்டது, கால் வரைக்கும் எட்டவில்லை.

ரெஜினா அக்கா குரலைத் தணித்தார். "பூச்சியா?"

பொழுது சாயும் நேரத்தில் பாம்பு என்று யாரும் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பூச்சி என்பார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அவர் சொன்னார். "ஆமாக்கா. காலைல பஸ்ஸுக்குப் போறப்ப. ஏரிக்கரையில."

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்த முனுசாமி அண்ணன் சீருடையைக்கூட மாற்றாமல் வந்தார்.

"ரெண்டு காலையுமா கடிச்சிது?"

"ரெண்டுலயும்தாண்ணா."

முனுசாமி அண்ணன் யோசித்தார். "ஒண்ணு கடிச்சிட்டு நின்னு நிதானமா இன்னொரு காலையும் கடிக்காது. இது ஜோடி. சாரையும் நல்லதும் பிணைஞ்சிக்கினு இருந்திருக்கும். நீ நடுவுல மிதிச்சிட்ட."

"ஏம்பா, அதுங்க சந்தோஷமா இருக்கிற எடத்துல உனுக்கு இன்னா வேலை?" என்றது வாசலில் ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இல்லாத ஒரு பாம்பின் புண்ணியம். குழந்தைக்குப் பால் கொடுக்கிற சாக்கில் அறையின் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

கசக்குதா

பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று நாலைந்து பேர் கழிகளோடு ஏரிக்கரைக்குக் கிளம்பினார்கள். முனுசாமி அண்ணன் ஒரு கொத்து வேப்பிலையோடு வந்தார்.

"இத மெல்லு. விஷம் ஏறிச்சா இல்லியான்னு இப்ப தெரிஞ்சிடும். ஏறியிருந்தா கசப்பே தெரியாது, இனிக்கும்."

என் கணவர் இலையை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். எல்லோரும் அவருடைய தாடையையே பார்த்தார்கள். நான் திரும்பி உட்கார்ந்தேன். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை எப்போது மார்பிலிருந்து விலக்கினேன் என்று தெரியவில்லை.

"கசக்குதா?"

"கசக்குதுண்ணா."

"நல்லாக் கசக்குதா, லேசாவா?"

"வாந்தி வர்ற மாரி கீது."

"அப்ப ஏறல" என்றார் முனுசாமி அண்ணன்.

படித்தவள் நான். காலையில்தான் அந்த நீலம் எப்படி உள்ளே போனது என்று என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். ஆனாலும் ஏறவில்லை என்று ஒரு மனிதர் வாயால் கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டேன். அந்தச் சொல்லைத்தான் எத்தனையோ நாளாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். சொன்னவருக்கு எதைப் பற்றிச் சொன்னோம் என்பதே தெரியாது.

ரெஜினா அக்கா கோயிலில் ஜெபித்த எண்ணெயைக் கொண்டுவந்து கட்டுக்கு மேலே முழங்காலில் தடவினார். கண்ணை மூடி, இந்தத் தம்பியின் உடம்பில் இருக்கிற விஷத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று வேண்டினார். எனக்கு அந்த வழக்கம் இல்லை. இருந்தும் ஆமென் என்றேன்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற?"

"நாளைக்கு வேற ஏதாவது வந்தா அதுக்கும் ஒரு பொய் தேடணுமா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "பூச்சின்னா நாலு பேரு வந்து நிப்பான், உமா. அதுன்னா..."

ஒரே பொய்யை இரண்டு பேரும் சுமக்கிறோம், ஆனால் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு சுமக்கிறோம் என்று தோன்றியது.

மறுநாள் படம்

மறுநாள் படம் எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. நேராக ஒன்று, சாய்த்து இரண்டு. பிறகு காத்திருக்கச் சொன்னார்கள். கால் வலியில் அவரால் நிற்க முடியவில்லை. நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"கூட வந்தவங்க யாரு?"

நான் மட்டும் உள்ளே போனேன்.

வெளிச்சப் பெட்டியில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. முதல் நாள் படத்தில் வெள்ளை நூல்கள், தொடையிலிருந்து மேலே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும். மறுநாள் படத்தில் நூல்கள் மறைந்திருந்தன. அவை போன வழியெங்கும் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் இருந்தன. பொடி உப்பைப் பிடித்து வைத்தது போல. அழகாக இருந்தன என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அழகாகத்தான் இருந்தன.

டாக்டர் பூதக்கண்ணாடியை ஒவ்வோர் உருண்டையின் மேலும் நகர்த்திக்கொண்டே வந்தார். கீழிருந்து மேலே. நானும் கூடவே பார்த்தேன். முழுசு. முழுசு. இதுவும் முழுசு.

இடது பக்கம் ஓரிடத்தில் கண்ணாடி நின்றது. நகரவில்லை.

அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த உருண்டையின் ஓரத்தில் ஒரு பகுதி வெள்ளையாக இல்லை. எலி கடித்த கொப்பரைத் துண்டு போல இருந்தது.

"இங்க நிறையல" என்றார். "ஒண்ணே ஒண்ணுதான். சைஸ் சாதாரணமா இருக்கு, அதான் சி.டி.யில தப்பிச்சிருக்கு."

"அப்ப ஏறியிருக்கு."

"இவ்வளவு தூரம் ஏறியிருக்கு. இதுக்கு மேல இல்ல. நெஞ்சு எக்ஸ்ரேயிலயும் ஒண்ணும் இல்ல." விரலால் படத்தில் ஒரு கட்டம் வரைந்து காட்டினார். "கதிர் இங்கே குடுப்பாங்க. இந்த எண்ணெய் பல மாசம் அங்கயே தங்கியிருக்கும். அடுத்த தடவை இந்த ஊசியெல்லாம் வேணாம். சாதா எக்ஸ்ரேயிலயே அது சுருங்குதா இல்லியான்னு பாத்துக்கலாம்."

பிறகு கேட்டார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

சொன்ன உடனே தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றியது. டாக்டர் சொன்னால் பக்குவமாகச் சொல்வாரே. நான் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடுமே. கதவைத் திறந்து அந்த நடையில் நடந்தபோது, உலகத்தில் அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். இன்னும் கொஞ்ச தூரம் அவருக்குத் தெரியாது. மெதுவாக நடந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், நெஞ்சில் இல்லை என்று தொடங்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

"இன்னா சொன்னாரு?"

"ஏறியிருக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஷிப்ட் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொள்வது போல.

"ஒரே ஒரு கணுதான். நெஞ்சுல இல்ல. கதிர் குடுத்தா கேக்குமாம்."

"எங்க?"

"முதுகெலும்பு ஓரம். இடது பக்கம்."

"எங்கன்னு காட்டு."

அவர் உடம்புக்குள் இருப்பதை நான் பார்த்துவிட்டேன், அவர் பார்க்கவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக்கு மேலே, முதுகில் விரலை வைத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் என்னைத் தொட விட்டதில்லை. விரலுக்கு அடியில் முதுகு விறைத்தது.

"இங்கயா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் மேல."

விரலை நகர்த்தினேன். அவர் கையைப் பின்னால் கொண்டுவந்து என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் அழுத்தினார். நன்றாக அழுத்தினார்.

"வலியே இல்லியே" என்றார்.

ஆண்களும் பெண்களும் போகிற வருகிற நடை அது. நான் கையை எடுக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

பெஞ்சின் மறுகோடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, முதுகுப் புடிப்பா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அது பழகிவிட்டிருந்தது.

"இல்லம்மா" என்றார் அவர். "கேன்சரு."

அந்த அம்மாள் தூக்குவாளியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, எங்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.